குறோனோகிராப் கைக்கடிகாரமும் அதனைச் சேர்ப்போன் கடமையும்

மணி என்னவென்று வினவுவார்க்கு விடை கூறுவது கடிகாரம். எத்துணை நேரம் கழிந்ததென்று வினவுவார்க்கு விடை கூறுவது குறோனோகிராப். இவ்விரு தொழிலும் ஒரே கூட்டினுள் அமைந்து ஒரே கையிற் கட்டப்படுதலால், இவற்றின் வேறுபாட்டைப் பலர் கருதுவதில்லை. சாவிக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பொத்தான்கள் உள்ள பழைய கைக்கடிகாரங்கள் நம் கரையோர ஊர்களில் இன்றும் சில இல்லங்களின் அலுமாரிகளிற் கிடக்கின்றன. அப்பொத்தான்கள் எதற்கென்று கேட்டால், அழகுக்கென்று கூறுவாரும் உளர். அக்கருவியின் இயல்பையும், அதனைச் சேர்த்துக் காக்க விரும்புவோர் அறியவேண்டுவனவற்றையும், யான் செய்த பிழையொன்றோடும் கற்ற பாடமொன்றோடும் சேர்த்து இங்கு எழுத முற்படுகின்றேன்.

பெயரும் பிறப்பும்

கால இடைவெளியை அளத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் நம் முன்னோர் வகுத்தனர். நாழிகை என்பது 24 நிமிடம். விநாழிகை என்பது 24 விநாடி. பாசறையில் நீரைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவிப்போரை முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகின்றது. ஆயினும், வேண்டியபோது தொடங்கி, வேண்டியபோது நிறுத்தி, மீண்டும் சுழிக்குக் கொணரத்தக்க பொறி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது.

பிரான்சிய நாட்டு லூயி முவானே என்பார் விண்மீன்களை நோக்குதற்பொருட்டு 1816ஆம் ஆண்டில் விநாடியின் அறுபதிலொரு கூற்றைக் காட்டும் கருவியொன்றை ஆக்கி முடித்தார். 1821இல் நிக்கொலாஸ் றியுசெக் என்பார் பரிஸ் நகரக் குதிரைப் பந்தயத்தில், சுழலும் முகப்பின்மீது மைத்துளி இட்டு நேரத்தைக் குறிக்கும் பொறியைப் பயன்படுத்தினார். 'குறோனோஸ்' என்னும் கிரேக்கச் சொல் காலத்தையும், 'கிராபெயின்' என்பது எழுதுதலையும் குறிக்கும். காலத்தை எழுதுவது என்னும் பொருளில் எழுந்த பெயர், மை ஒழிந்த பின்னும் நிலைத்துவிட்டது.

முள்ளை நொடியிற் சுழிக்குத் திருப்பும் இதய வடிவத் தகட்டுக்கு அடொல்ப் நிக்கோல் என்பார் 1844இல் உரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் இப்பொறி சட்டைப்பையினின்றும் கைக்கு ஏறிற்று. 1934இல் பிறைற்லிங் நிறுவனத்தார், தொடங்கி நிறுத்துதற்கு ஒன்றும் சுழிக்குத் திருப்புதற்கு ஒன்றுமாக இரண்டு பொத்தான்களை அமைத்தனர். நாம் இன்று காணும் உருவம் அங்ஙனம் நிலைபெற்றது.

உள்ளமைப்பு

குறோனோகிராப் என்பது ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தின்மேல் ஏற்றப்பட்ட மற்றொரு பொறி. அடியிலுள்ள கடிகாரம் என்றும் ஓய்வதில்லை. மேற்பொறி அதனோடு இணையும்போது நடு முள் ஓடும், பிரியும்போது நிற்கும். இவ்விணைப்பையும் பிரிப்பையும் ஆளுவது, நிலைக்குத்தான சிறு தூண்கள் வட்டமாக நிற்கும் தூண்சக்கரம். பொத்தானை அழுத்துந்தோறும் அச்சக்கரம் ஒரு படி திரும்பும். நெம்புகோலின் நுனி தூணின்மேல் ஏறினால் ஒரு தொழிலும், தூண்களின் இடைவெளியில் விழுந்தால் மற்றொரு தொழிலும் நிகழும். விலை குறைந்தவற்றில் தூண்சக்கரத்துக்கு ஈடாக வளைவு வெட்டிய தகடொன்று இருக்கும்.

இரண்டாம் பொத்தானை அழுத்தினால், சுத்தியல் போன்ற உறுப்பொன்று முள்ளின் அச்சிலுள்ள இதய வடிவத் தகட்டின் ஓரத்தில் மோதும். தகடு எந்நிலையில் நின்றாலும், அதன் பள்ளமான இடத்தைத் தேடிச் சுத்தியல் வழுக்கிச் செல்லும். முள் அண்மைவழியே பன்னிரண்டை அடையும். மின்னும் கணிப்பும் இன்றி ஓர் உலோகத் தகட்டின் வடிவத்தினாலேயே இச்செயல் நிகழ்வதை மாணாக்கர் ஒருமுறையேனும் கண்ணாற் காணல் வேண்டும்.

அளவின் நுண்மை, ஊசற்சக்கரத்தின் வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 18,000 துடிப்பு உடைய கடிகாரம் விநாடிக்கு 5 முறை அடியெடுத்து வைக்கும். ஆகலின் அதனால் ஐந்திலொரு விநாடியையே அளக்கலாகும். 21,600 துடிப்புடையது ஆறிலொன்றையும், 28,800 உடையது எட்டிலொன்றையும், 36,000 உடையது பத்திலொன்றையும் அளக்கும். முகப்பில் இதனினும் நுண்ணிய கோடுகள் வரையப்பட்டிருப்பின், அக்கோடுகள் பொறியால் இயலாததைக் கூறுகின்றன என்று அறிக.

முகப்பின் அளவுகோல்கள்

பழைய குறோனோகிராப்புகளின் ஓரத்தில் மூவகை அளவுகோல்களுள் ஒன்றோ பலவோ காணப்படும்.

முதலாவது, வேகமானி. ஒரு கிலோமீற்றர்க் கல்லைக் கடக்கையில் பொத்தானை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் காட்டும் எண்ணே மணிக்குரிய வேகம். 3,600ஐ விநாடிகளால் வகுப்பதே இதன் கணக்கு. 45 விநாடி எடுத்திருப்பின் வேகம் 80. அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பேருந்தில் இருந்தவாறே மாணாக்கர் இதனைச் சோதிக்கலாம்.

இரண்டாவது, தொலைவுமானி. மின்னலைக் கண்டவுடன் அழுத்தி, இடியைக் கேட்டவுடன் நிறுத்துதல் வேண்டும். ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். ஐப்பசி மாலையிற் கடலுக்குத் தோணி தள்ள நிற்போர்க்கு, முதன் முறை 12 விநாடியும் அடுத்த முறை 9 விநாடியும் ஆயின், இடிமுகில் 4 கிலோமீற்றரிலிருந்து 3 கிலோமீற்றருக்கு நெருங்கிவிட்டதென்பது புலனாகும். அவ்வளவில் கரையிலே தங்குதலே அறிவுடைமை.

மூன்றாவது, நாடிமானி. மருத்துவர் நோயாளியின் நாடித் துடிப்பை முப்பதுவரை எண்ணி நிறுத்துவர். 24 விநாடி ஆகியிருப்பின், முள் 75 என்று காட்டும். 15 துடிப்புக்கென அமைந்த முகப்புகளும் உள.

நம் கரைக்கு வந்த கடிகாரங்கள்

1969ஆம் ஆண்டு இக்கருவியின் வரலாற்றில் மறக்கலாகாதது. கையசைவினாலேயே தானாக முறுகும் குறோனோகிராப்பை அவ்வாண்டில் மூன்று சாரார் வெளிக்கொணர்ந்தனர். சுவிற்சர்லாந்தின் செனித் நிறுவனம் சனவரியில் அறிவித்தது. ஹோயர், பிறைற்லிங் முதலியோரின் கூட்டணி மார்ச்சில் அறிவித்தது. யப்பானின் சீக்கோ நிறுவனம் 6139 என்னும் எண்ணுடைய பொறியை அவ்வாண்டிலேயே தன் நாட்டில் விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு திசெம்பர் 25இல் சீக்கோ வெளியிட்ட படிகக் கடிகாரம், இம்மூவகைப் பொறிகளுக்கும் வருங்காலத்திற் போட்டியாயிற்று.

விண்வெளியிலும் இக்கருவி பணிபுரிந்தது. 1970 ஏப்ரலில் அப்பலோ 13 கலம் பழுதுற்று மீள்கையில், திசை திருத்துதற்கு இயந்திரத்தை 14 விநாடி எரிக்க வேண்டியிருந்தது. அந்த 14 விநாடியை வீரர்கள் கையிலிருந்த ஒமேகாக் குறோனோகிராப்பினால் அளந்தனர். 1973இல் ஸ்கைலாப் நிலையத்துக்குச் சென்ற வில்லியம் போக் என்பார் தம் சொந்தச் சீக்கோ 6139ஐக் கட்டிச் சென்றார்.

1970களின் பிற்பகுதி தொட்டு, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குச் சென்றனர். விடுமுறையில் மீண்டோர் கையில் சீக்கோ அல்லது சிற்றிசன் மின்னும். அவற்றுட் சில இத்தகைய பொத்தான் கடிகாரங்கள். யான் சேர்த்தவற்றுட் பெரும்பாலன இவ்வழி வந்தவையே. இவற்றின் உரிமையாளர் பலர் அளக்கும் தொழிலை அறிந்திலர். 6139இல் சாதாரண விநாடிமுள் இல்லை. ஆகவே, மேற்பொத்தானை ஒருமுறை அழுத்தி, நடு முள்ளை இரவும் பகலும் ஓடவிட்டு, அதனையே விநாடிமுள்ளாகக் கொண்டனர். ஐவேளைத் தொழுகைக்கும் கடைதிறப்புக்கும் பேருந்துக்கும் வேண்டியது மணியே ஆதலின், அதில் அவர்கள் ஒரு குறையும் கண்டிலர்.

மெய்ம்மை காணும் முறை

சேர்ப்போன் முதலிற் கற்கவேண்டுவது வாங்குதலன்று, வாசித்தல். சில சோதனைகளைக் கூறுவேன்.

ஒன்று: பின்மூடியிலுள்ள எண்ணை நோக்குக. அக்காலச் சீக்கோக்களில் தொடரெண்ணின் முதலிலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 62 என்று தொடங்கும் 6139, 1976 பெப்ரவரியில் ஆக்கப்பட்டது. பின்மூடியின் மாதிரி எண்ணும், முகப்பின் அடியிலே நுண்ணெழுத்தில் உள்ள எண்ணும், முதல் நான்கு இலக்கங்களில் ஒத்திருத்தல் வேண்டும்.

இரண்டு: வேகமானி அளவுகோலைச் சோதிக்க. ஒரு சுற்றே உடையதாயின், 60 பன்னிரண்டிலும், 240 மூன்றிலும், 120 ஆறிலும், 80 ஒன்பதிலும் நிற்றல் வேண்டும். அங்ஙனம் நில்லாதாயின் முகப்பு மறுவண்ணம் பூசப்பட்டதென்பது பெரும்பாலும் உறுதி.

மூன்று: சுழிக்குத் திருப்பும்போது முள் பன்னிரண்டில் நேரே நிற்கின்றதா என்று காண்க. சற்று விலகி நிற்பின், முன்னர் யாரோ முள்ளைக் கழற்றி மாட்டியிருக்கலாம்.

நான்கு: 1960களுக்கு முற்பட்ட ஒளிரும் முகப்புகளிற் பலவற்றில் றேடியம் உண்டு. அதன் அரைவாழ்வு 1,600 ஆண்டு. ஒளி மங்கினும் கதிர்வீச்சு மங்கவில்லை. அத்தகைய கடிகாரத்தைச் சிறுவர் திறத்தலும், அதன் பொடியைச் சுரண்டுதலும் ஆகா.

ஐந்து: உப்புக் காற்று நம் கரையின் முதற் பகை. வறண்டுபோன இரப்பர் வளையங்களை மாற்றுவித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா உறையோடு மூடிய பெட்டியில் வைக்க. கடல்நீர் புகுந்துவிட்டால், வெயிலிற் காயவைத்தல் தகாது. நன்னீரில் அலசி, அன்றே திருத்துநரிடம் திறப்பிக்க வேண்டும். ஒரு நாள் தாழ்த்தினாலும் எஃகு உறுப்புகள் துருவேறும்.

இச்சோதனைகளை யான் நூலிற் கற்றவனல்லேன். என் முதற் குறோனோகிராப், கையால் முறுக்கும் சுவிற்சர்லாந்துக் கடிகாரம். அதன் முகப்பு மங்கிப் பழுத்திருந்தது. புதிதாக்கும் ஆசையால் வெளியூர்த் திருத்துநர் ஒருவரிடம் கொடுத்தேன். பளபளக்கும் வெண்முகப்போடு மீண்டது. கூட்டின் கூர்மையான விளிம்புகள் தேய்க்கப்பட்டு உருண்டிருந்தன. சில திங்கள் கழித்தே, 120 என்னும் எண் ஆறுக்கு நேரே இல்லாததைக் கண்டேன். அதன் பின் அக்கடிகாரம் காட்டிய வேகமெல்லாம் பொய். அளக்கும் கருவியை யானே பணங்கொடுத்துப் பொம்மையாக்கினேன். குற்றம் திருத்துநருடையதன்று, புதிதாக்குக என்று கேட்டவன் யானே.

நின்றுபோன ஒரு கடிகாரம்

இனி யான் கற்ற பாடத்தைக் கூறுவேன்.

2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. அன்று பிழைத்தோருள் ஒருவர், வளைகுடாவில் உழைத்து மீண்ட பெரியவர். தென்னையொன்றைப் பற்றி நின்று உயிர்தப்பிய அவர் கையில், சீக்கோ 6139 ஒன்று இருந்தது. அது நின்றுவிட்டது. அவர் அதனைக் கழற்றி ஒரு தகரப் பேணியில் இட்டு மூடினார். பின்னர் ஒருபோதும் கட்டவில்லை. அவர் மறைந்து சில ஆண்டுகள் சென்றபின், மகன் அப்பேணியோடு என்னிடம் வந்தார்.

"சேர், இது ஓடணும். ஆனா வாப்பாட மணிக்கூடாவே இரிக்கணும்" என்றார்.

முகப்பில் உப்புக் கறை பழுப்பாகப் படர்ந்திருந்தது. கட்டத்தினுள் ஞாயிறு 26 என்று நின்றது. முட்கள் ஒன்பதுக்குச் சில நிமிடம் முந்திய நிலையில் துருவோடு ஒட்டியிருந்தன. சேர்ப்போன் என்னும் முறையில், அதனைத் தொடாது அவ்வாறே வைத்தல் வேண்டும் என்று என் உள்ளம் விரும்பியது. ஓடவைப்பின் அந்நிலை அழிந்துவிடும். அழிந்தபின் எவராலும் அதனை மீட்டல் இயலாது. இதனை மகனிடம் எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். "வாப்பா இதைப் பாக்காமத்தான் பேணிக்குள்ள வெச்சார், சேர். நான் கட்டணும்" என்றார். கடிகாரம் அவருடையது. என் விருப்பத்தை விடுத்தேன்.

ஆயினும், திறக்குமுன் செய்யவேண்டியவற்றைச் செய்தோம். ஒளிப்படம் எடுத்தோம். ஒவ்வொரு முள்ளும் நின்ற இடத்தைத் தாளில் எழுதினோம். எழுதும்போது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. இலங்கையின் நேரம் 1996 மே மாதத்தில் கிறீனிச்சுக்கு ஆறரை மணி முந்தியதாக்கப்பட்டு, அதே ஆண்டு ஒற்றோபரில் ஆறு மணியாக மாற்றப்பட்டது. 2006 ஏப்ரலிலேயே பழைய ஐந்தரை மணிக்கு மீண்டது. ஆகவே, அப்பேரலையின் காலத்தில் நாட்டின் மணி இன்றைய மணிக்கு அரைமணி முந்தியது. இதனைக் குறிக்காது விட்டால், ஐம்பது ஆண்டின்பின் அத்தாளை வாசிப்போன் அரைமணி பிழைபடுவான். மற்றொன்றையும் எழுதினோம்: முட்கள் காட்டுவது கடிகாரம் நின்ற நேரமே, கடல் வந்த நேரமன்று. நீர் புகுந்தபின்னும் பொறி சிறிது ஓடியிருக்கலாம்.

சிறு முகப்பிலுள்ள நிமிடக்கணிப்பு முள் ஏதோ ஓரெண்ணைக் காட்டியது. அதற்குப் பொருளில்லை, நடு முள் என்றும்போல் ஓய்வின்றி ஓடவிடப்பட்டிருந்தது. அதனைக் கண்டபோது என் நெஞ்சில் ஓர் எண்ணம் எழுந்து, இன்றும் நீங்கவில்லை. சுமாத்திராக் கடலடியில் நிலம் அதிர்ந்தது அன்றைய இலங்கை நேரப்படி காலை 6 மணி 59 நிமிடமளவில். அலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவ்விடைவேளையில் மீனவர் வலையுலர்த்தினர். சிறுவர் கரையில் விளையாடினர். அவ்விரண்டு மணியை அளக்கவல்ல கருவி பலர் கையில் இருந்தது. அளக்கத் தொடங்குக என்று சொல்லும் செய்தி மாத்திரம் வரவில்லை. இந்துமாகடலுக்கு அத்தகைய எச்சரிக்கை முறை அப்போது அமைந்திருக்கவில்லை. அப்பேரழிவின் பின்னரே அது உருவாயிற்று.

பொறியைத் திறந்தபோது, தூண்சக்கரமும் சுத்தியலும் பல திருகாணிகளும் துருவால் அரிக்கப்பட்டிருந்தன. அவற்றை வேறொரு பழுதான 6139இலிருந்து எடுத்து மாற்றினார், கல்முனையில் யான் பெரிதும் மதிக்கும் திருத்துநர். முகப்பை மாற்றவில்லை, கறையைத் துடைக்கவும் இல்லை. எந்த உறுப்பு பழையது, எது வேறிடத்தது என்பதைத் தனித்தாளில் எழுதினோம். கழற்றிய துருவுறுப்புகளைச் சிறு குப்பியில் இட்டு, இரு தாள்களோடும் படத்தோடும் அதே தகரப் பேணியில் வைத்து மகனிடம் கொடுத்தோம். கடிகாரத்தை அவர் அங்கேயே கட்டிக்கொண்டார். மேற்பொத்தானை அழுத்தி முள்ளை ஓடவிடப் போனவர், கையை எடுத்து, அது எதற்கென்று என்னைக் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன்.

முடிவுரை

எழுதி வைத்தலின் பயனுக்குக் கடிகார உலகிலேயே சான்றுண்டு. 1970களின் நடுவில், செனித் நிறுவனத்தின் அக்கால உரிமையாளர், இயந்திரப் பொறிகள் இனி வேண்டா என்று அவற்றின் ஆக்கக் கருவிகளை ஒழிக்குமாறு கட்டளையிட்டனர். சார்ள்ஸ் வேர்மோ என்னும் தொழிலாளர் அவற்றைத் தொழிற்சாலையின் பரணில் ஒளித்து, ஒவ்வொன்றும் எதற்குரியதென்று குறிப்பும் எழுதினார். 1980களில் அப்பொறியை மீண்டும் ஆக்க முற்பட்டபோது, அக்கருவிகளும் குறிப்புகளுமே வழி காட்டின. கருவியை மாத்திரம் ஒளித்துக் குறிப்பை எழுதாது விட்டிருப்பாரேல், பரணிலிருந்தது வெறும் இரும்பாய் முடிந்திருக்கும்.

நம் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழினைப் பழநூற் குறிப்புகளாலும் கணிதத்தாலும் ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அக்குறிப்புகளை முன்னோர் எழுதாது விட்டிருப்பின், அவ்வாராய்ச்சிக்கு அடிப்படை இராது. நாம் சேர்க்கும் சிறு பொருள்களுக்கும் இதுவே நெறி.

ஏலத்திற் பெருவிலை பெறும் கடிகாரங்களைப் பற்றிப் பலர் பேசுவர். நடிகர் போல் நியூமன் கட்டிய றோலெக்ஸ் குறோனோகிராப் 2017இல் ஒரு கோடியே எழுபத்தேழு இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அவ்விலையில் பெரும்பகுதி, அது அவருடையதே என்று காட்டிய சான்றுக்காகக் கொடுக்கப்பட்டது. நம் வீட்டு அலுமாரியிற் கிடப்பதற்கும் சான்று உண்டு. அதனை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் உள்ளபோதே, யார் வாங்கியது, எவ்வாண்டில், எந்நாட்டில், எதற்காக என்பவற்றை மாணாக்கர் ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்தோடு வைப்பாராக. கறையைத் துடைக்குமுன் எழுதுக. முள்ளை அசைக்குமுன் எழுதுக. கல்லூரியிற் பௌதிகம் கற்ற எவர்க்கும் இது அரியதன்று.